வாய்க்கட்டு

“வாயைக் கட்டிக்கிட்டுக் கலக்குய்யா!”

ஸ்டோர் கீப்பர் அசோக் நீட்டிய துண்டை வாங்கி, மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டான் தர்மராஜ். அய்யனாருக்குப் படையல் போடும் பூசாரி மாதிரியே இருந்தான். என்ன, அண்டாவில் இருந்தது படையல் இல்லை.

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் ஆலை. அதன் கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரன் அவன். குடித்துக் குடித்து வேலை போகிற நிலைக்கு வந்து, பெரம்பலூரில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் கிடந்து, திருந்தி ஒன்பது மாதம் ஆகிறது. திருந்திவிட்டான் என்று அவன் மனைவி மலர்க்கொடி நம்பினாள். ஆலையில் ஒருவரும் நம்பவில்லை. படித்தவர்கள் அல்லவா?

புத்தாண்டு மதிய விருந்துக்காக மேனேஜர் மணிவண்ணனின் மனைவி அனுசுயா, செல்போனில் ஒரு வெளிநாட்டுப் பானத்தைப் பார்த்து வைத்திருந்தார். சுண்டக் காய்ச்சிய பால், பாலாடை, முட்டை, பட்டை, கிராம்பு, மேலே தூவ ஜாதிக்காய். ஆறவிட்டு, கடைசியில் ரம். பாயசத்துக்குப் பதில் இதுவாம்.

“முட்டை மட்டும் வேண்டாம் தர்மராஜ். மார்கழி மாசம். முந்திரிய அரைச்சு ஊத்திடு.”

“ரம்மு, மேடம்?”

“அது இல்லாம எப்படி?”

மார்கழிக்கும் ரம்முக்கும் பகை இல்லை போலிருக்கிறது.

“ஒண்ணு சொல்லிட்டேன். ஒரு சொட்டு நீ வாயில வெச்சே, இன்னைக்கே கேட்டுக்கு வெளியே. பரிமாறி முடிச்சதும் எல்லார் முன்னாடியும் ஊதணும்.”

ஷிப்டுக்கு வருகிறவர்கள் குடிக்கவில்லை என்று காட்ட ஆலை வாசலில் ஊதுவார்களே, அந்த மெஷினில்தான்.

காவலுக்கு நிற்க அசோக் தானாகவே முன்வந்தார். பொறுப்பான மனிதர். வாயில் எப்போதும் ஏலக்காய் மணக்கும். தீபாவளியிலிருந்து ஸ்டோரில் பூட்டி வைத்திருந்த நாலு பாட்டில்களை அவரே சுமந்துகொண்டு வந்தார்.

“பாலுக்குப் பூனையக் காவல் வெப்பாங்க. இங்க பூனையையே பால் காய்ச்ச விட்டிருக்காங்க” என்றார், முந்திரி அரைத்துக்கொண்டிருந்த இருசம்மாளிடம்.

தர்மராஜ் முதல் பாட்டிலைத் திறந்தான். நின்றான். குனிந்து பாட்டிலின் வாய்க்கு அருகே முகத்தைக் கொண்டுபோனான். ஒரு முறை. இன்னொரு முறை. கண்ணை மூடிக்கொண்டான்.

“போச்சு, ஆரம்பிச்சுட்டான்” என்று முணுமுணுத்தாள் இருசம்மாள்.

“என்னய்யா மோந்துக்கிட்டு? ஊத்து, ஊத்து!” அசோக் விரட்டினார்.

நாலு பாட்டிலையும் ஊற்றினான். பிறகு அஞ்சறைப்பெட்டியை இழுத்து, சுக்கும் மிளகும் கை நிறைய அள்ளி, தட்டிப் போட்டான்.

“இது லிஸ்ட்டுலயே இல்லியேய்யா?”

“காரம் பத்தாது சார்” என்றது துண்டுக்குள்ளிருந்து குரல்.

விருந்து களை கட்டியது.

“ஆகா, தொண்டையில என்னமா எரிச்சுக்கிட்டு எறங்குது!” என்றார் மேனேஜர்.

அக்கவுண்ட்ஸ் பாலாஜி இரண்டாவது கிளாஸில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதில் பாடினார். நான்காவதில் மேனேஜரின் தோளில் சாய்ந்து, “எட்டு வருசமா புரமோஷன் இல்ல சார்” என்று அழுதார். “தப்பா நெனைக்காதீங்க, நான் பேசல, உள்ள போனது பேசுது.”

கடைசியில் தர்மராஜை நடுவில் நிறுத்தினார்கள். துண்டை அவிழ்த்துவிட்டு ஊதினான்.

“சைபர்” என்றார் வாட்ச்மேன் செல்லமுத்து.

சபைக்குப் பெரிய ஏமாற்றம்.

“அத இங்க குடு. நாங்களும் ஊதறோம். யாருக்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு பாத்துடுவோம்!” மேனேஜர் கை நீட்டினார். பின்னால் பாலாஜி தள்ளாடியபடி வரிசையில் நின்றார். அசோக் ஏலக்காய் மெல்வதை நிறுத்தினார்.

செல்லமுத்துவிடமிருந்து மெஷினை வாங்கி நீட்டப்போன தர்மராஜின் கை தவறியது. மெஷின் அண்டாவுக்குள் விழுந்து முழுகிப்போனது.

“குடிக்காதப்பவே இந்த நடுக்கமா? உன்னையெல்லாம் திருத்தவே முடியாது!” அனுசுயா கத்தினார். “ஒரு மாசத்துக்கு அடுப்புப் பக்கம் வராத. பாத்திரம் கழுவு, போ!”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார்கள் நாலைந்து பேர். அவர்கள் எப்போதும் அப்பவே சொன்னவர்கள்.

நாலு மணிக்கு, பின்கட்டுக் குழாயடியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான் தர்மராஜ். யாரும் இல்லாத நேரம் பார்த்து அசோக் வந்தார்.

“ஏன்யா மெஷினப் போட்ட?”

“அவங்க ஊதியிருந்தா அத்தன பேருக்கும் சைபர்தான் வந்திருக்கும் சார். நாலு பாட்டில்லயும் டீ டிகாஷன்தான இருந்துச்சு.”

அசோக் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“வாயத்தான கட்டச் சொன்னீங்க. மூக்கு சும்மாதான இருந்துச்சு.”

“சொல்லியிருக்கலாமேய்யா. என் வேலை போயிருக்கும். உன் மானம் நின்னிருக்கும்.”

“நானும் இதே மாதிரி டீய ஊத்தி வெச்சு மாட்டுனவன்தான் சார். அன்னைக்கு எனக்கு யாரும் சுக்கு தட்டிப் போடல.”

தர்மராஜ் காலையில் வாயில் கட்டிய துண்டை அலசிப் பிழிந்து உதறினான்.

“நாயித்துக்கெழம தோறும் பெரம்பலூர் இல்லத்துக்குப் போயிட்டு வரேன் சார். ஆறரை பஸ்ஸுல நிக்கக்கூட எடம் இருக்காது. இந்தத் துண்டப் போட்டு உங்களுக்கும் ஒரு சீட்டுப் புடிச்சு வைக்கிறேன், வந்துடுங்க.”