நாலு விரல் அம்மன்

அரியலூரில் இப்போதெல்லாம் கல்யாண மேடையை முதலில் கம்ப்யூட்டர்தான் போடுகிறது. ஆட்கள் பிறகுதான் வருகிறார்கள். ராஜராஜன் தன் டெக்கரேஷன் கடையில் உட்கார்ந்தபடி, என்ன வேண்டும் என்று நாலு வரி தட்டினால் போதும். ஏஐ அரை நிமிடத்தில் மேடை, பூ, விளக்கு, மணமக்கள் எல்லாவற்றையும் படமாக வரைந்து கொடுத்துவிடும். சில சமயம் மாப்பிள்ளைக்கு மூன்று கை முளைக்கும், வாழைமரத்தில் தேங்காய் காய்க்கும். அதையெல்லாம் திருத்தித்தான் அனுப்புவான். போன மாதம் ஒரு பெண்ணின் அப்பா, படத்தில் பந்திக்கு உட்கார்ந்திருந்த கூட்டத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல நம்ம சொந்தக்காரங்க ஒருத்தரையும் காணோமே” என்று வருத்தப்பட்டார்.

அப்படி அவன் ஸ்டேட்டஸில் வைத்த ஒரு படம்தான் வினையாக முடிந்தது. சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு சப்-இன்ஸ்பெக்டர் கமலவேணியைக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது.

“இந்த அம்மன் எங்க இருக்கு?”

செல்போனை நீட்டினார். தாமரைப் பூ மேடை. நடுவில் ஒரு மாடம், மாடத்தில் ரெண்டடி உயர அம்மன். இடது கையில் நாலு விரல்தான் இருந்தது. சுண்டுவிரலைக் காணோம்.

ராஜராஜன் நாற்காலியை விட்டு எழுந்தான். கடை ஆரம்பித்த நாலு வருஷத்தில் போலீஸ் உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை.

“எங்கயும் இல்லீங்க மேடம். கம்ப்யூட்டர் வரைஞ்சதுங்க.”

கமலவேணி இன்னொரு படத்தைக் காட்டினார். மங்கிப்போன பழைய போட்டோ. “செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்துல பதினோரு வருஷத்துக்கு முன்ன களவு போன ஐம்பொன் சிலை. சாமி பொறப்பாட்டுல கீழ விழுந்து சுண்டுவிரல் ஒடஞ்சு போனது. சிலை போனதுலேருந்து ஊருல திருவிழாவே இல்ல. ஒங்க படத்தப் பாத்துட்டுப் பூசாரி செல்லமுத்து எங்க ஆபீஸ் வாசல்ல வந்து ஒக்காந்துட்டாரு. அம்மன் கெடச்சாதான் சோறுங்கறாரு.”

“ஐயோ மேடம், கம்ப்யூட்டருக்கு விரல் எண்ணத் தெரியாதுங்க. இப்பப் பாருங்க.”

அவசரமாகத் தட்டினான். ‘அம்மன் சிலையுடன் கல்யாண மேடை.’ வந்து நின்ற அம்மனுக்கு ஆறு விரல். மறுபடி தட்டினான். மூன்று விரல். அடுத்த முறை விரல்கள் ஒழுங்காக ஐந்து இருந்தன. ஆனால் அம்மன் கையில் சூலத்துக்குப் பதிலாக மைக் இருந்தது.

கமலவேணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் கடமைக்குக் கடையையும் குடோனையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிளாஸ்டிக் பூ, தெர்மாகோல் தூண், தும்பிக்கை பெயர்ந்த ஃபைபர் யானை இரண்டு. வேறு ஒன்றும் சிக்கவில்லை.

“தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. அந்தப் பெரியவர் அழுததப் பாத்து ஓடியாந்துட்டேன்.”

ராஜராஜனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீ வாங்கிவரச் சொன்னான். டீயைக் குடித்துக்கொண்டே கமலவேணி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“என்னமோ தம்பி, இந்த மேடை கண்ணுலயே நிக்கிது. வர்ற முகூர்த்தத்துல நம்ம வூட்டுக் கல்யாணம், பெரம்பலூர்ல மண்டபம். இப்படியே போட்டுக் குடுப்பீங்களா? அம்மனும் இதே மாதிரி, இதே ஒசரத்துல வேணும்.”

போலீஸ் வீட்டுக் கல்யாணம். இதை மட்டும் நல்லபடியாகச் செய்துவிட்டால், அப்புறம் தன்னை யார் கேட்பது என்று ராஜராஜனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

“ஃபைபர்ல செஞ்சுடலாம் மேடம். ஆனா படத்தப் பாத்துக் களிமண்ணுல அம்மனப் புடிச்சு, அதுக்கு மேல அச்சு எடுத்துச் செய்யணும். இருவது நாளாவது ஆவுமே.”

“முகூர்த்தத்துக்கு ஆறு நாள்தான் இருக்கு. முடியலன்னா பரவால்ல, வேற கடையில கேட்டுக்கறேன்.”

“வேற எங்கயும் போவாதீங்க மேடம். ஒங்களுக்காக எப்படியாவது முடிச்சுடறேன்.”

சொன்னபடி முடித்தும் விட்டான். ஐந்தாம் நாள் கமலவேணி வந்தபோது, தங்கப் பெயிண்ட் பளபளக்க அம்மன் மேசைமேல் நின்றது. கண், மூக்கு, புடவை மடிப்பு எல்லாம் படத்தில் இருந்த மாதிரியே இருந்தன. கல்யாணத்தில் குறைப்பட்ட சாமியை வைக்கக்கூடாது என்று சுண்டுவிரலைக்கூட மறக்காமல் ஒட்டியிருந்தான்.

“பிரமாதம் தம்பி,” என்று கமலவேணி மேசையைச் சுற்றி வந்தார்.

“எல்லாம் ஒங்க ஆசீர்வாதம் மேடம். மேடைக்கு முன்னால போர்டு வைக்கணும். பேரு மட்டும் சொன்னீங்கன்னா எழுதிடலாம்,” என்று ராஜராஜன் பேனாவைத் திறந்தான்.

“பேரா? அதான் நீங்களே போட்டிருக்கீங்களே.”

கமலவேணி சிலையை அவன் பக்கமாகத் திருப்பி வைத்து, பீடத்தின் பின்புறத்தை நகத்தால் சுரண்டினார்.

“ஒங்க படத்துல அம்மனோட முன்பக்கம்தான் இருந்துச்சு. நான் காட்டுன போட்டோலயும் முன்பக்கம்தான். முதுகுப் பக்கத்த எதுலேருந்து அச்சு எடுத்தீங்க தம்பி?”

மேடையில் யார் கண்ணுக்கும் படாது என்று ராஜராஜன் திரும்பிக்கூடப் பார்க்காத அந்த இடத்தில், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் புகாரில் எழுதிக் கொடுத்திருந்த அடையாளம் ஓர் எழுத்துப் பிசகாமல் பதிந்திருந்தது: ‘உபயம்: அமாவாசை குடும்பத்தார்.’