ஆறு நிமிடத்துக்கு ஒரு பாகம்

அன்று ஒரு ஜோடிக் காலின் விலை அறுபது நிமிடம்.

குறைத்துக் கேட்க முடியாத விலை.

பத்துப் பாக ஆழத்தில், சங்குப் பாறைமேல் இருந்தபோது, மேலே வள்ளத்து மெஷினிலிருந்து குழாயில் வந்த காற்று நின்றுவிட்டது. டேங்கில் டீசல் தீர்ந்திருந்தது. அவனும் தங்கை புருஷன் கஸ்பாரும் ஒரே பாய்ச்சலில் மேலே வந்தார்கள்.

சங்கு குளிப்பவன் செய்யவே கூடாத காரியம். மூச்சு முட்டுகிறவனிடம் சட்டம் பேசி என்ன?

ஆழத்தில் இழுத்த காற்று ரத்தத்தில் கரைந்து கிடக்கும். மெல்ல ஏறினால் மெல்லக் கழியும். பாய்ந்து ஏறினால், மூடி திறந்த சோடா மாதிரி உள்ளேயே பொங்கி, காலை முடக்கிவிடும்.

கஸ்பாருக்குப் பொங்கிவிட்டது. வள்ளத்தில் கிடந்து முழங்காலைக் குத்திக் குத்தி அழுதான்.

கரைக்குப் பாய் விரித்துப் போனால் மூன்று மணி நேரம். அவ்வளவு நேரம் கால் காத்திருக்காது.

அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வந்த ஆழத்துக்கே திரும்ப இறக்கு. ஆறு நிமிடத்துக்கு ஒரு பாகமாகத் தூக்கு.

கேனின் அடியில் கிடந்த டீசலை மெஷினில் ஊற்றினார்கள். ஒரு குழாய்க்கு ஒரு மணி நேரம் வரும். இரண்டு குழாய்க்கு அரை மணி.

ஒருவனுக்கு முழுசு. அல்லது இருவருக்கும் பாதிப் பாதி.

"மச்சான், ஒமக்கு ஒண்ணும் செய்யலியா?" என்றான் கஸ்பார், குழாயை வாயில் வைக்குமுன்.

அவன் ஈரத் துண்டுக்கு அடியில் தொடையைக் கிள்ளிப் பார்த்தான்.

இன்னும் அழுத்திக் கிள்ளினான்.

வேறு யாருடையதோ தொடை.

"எனக்கென்னல. சட்டுபுட்டுனு எறங்கு. ஒம் பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்க என்னால ஆவாது."

இடுப்பில் ஈயக்கட்டியும் கயிறுமாகக் கஸ்பார் தண்ணீருக்குள் போனான்.

மேலே அவன் உட்கார்ந்தபடியே கயிற்றைப் பிடித்துக்கொண்டான். இரு கையும் விரித்த நீளம் ஒரு பாகம். பாகத்துக்கு ஒரு முடிச்சு.

வள்ளக்காரன் தொபியாஸ் முன்பக்கம் நின்று, தடை செய்த மெஷின் குளிப்பைப் பிடிக்க ரோந்துப் படகு வருகிறதா என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு முடிச்சு.

இரண்டு.

ஐந்தாவதில் கயிறு அதிர்ந்தது. கீழே கஸ்பார் கால் உதைக்கிறான். நல்ல உதை.

ஏழாவதில் தொபியாஸ் மூக்கை உறிஞ்சினான்.

"என்னமோ கருகுதே அண்ணே?"

உட்கார்ந்திருந்தவன் குனிந்து பார்த்தான். மெஷினின் சைலன்சர்மேல் அவனுடைய இடது கால் சாய்ந்து கிடந்தது.

எடு என்றான் மனதுக்குள்.

அது எடுக்கவில்லை.

இரண்டு கையிலும் கயிறு.

"பெல்ட்டு சூடாவுது. நீ கடலப் பாருல."

ஏழு பாகம் ஏற்றியாயிற்று. இன்னும் மூன்று.

பதினெட்டு நிமிடம் பாக்கி.