நஸ்லியாவின் கதிரை

கணினி வகுப்பில் நஸ்லியாவின் கதிரை மூன்று நாளாகக் காலியாகக் கிடந்தது. முக்காட்டோடு வரக்கூடாது என்று சட்டம் போட்ட நிர்வாகி உதயகலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மிஸ், நஸ்லியாவின்ரை அண்ணை வாறார்!" என்றாள் உதவியாளர் நிஷானி.

"சண்டைக்குத்தான். வரட்டும்! உந்தப் பெட்டையள் சுதந்திரமாய் இருக்கட்டும் எண்டுதானே செய்தனான்?"

வந்தவர் சிரித்தபடி தொதல் இனிப்புப் பார்சலை நீட்டினார்.

"நன்றி சொல்ல வந்தனான், மிஸ்."

"எதுக்கு?"

"படிச்சது காணும், வீட்டிலை இரு எண்டு ஒரு வருசமாய்ச் சொல்லிப் பாத்தன். 'முக்காட்டோடைதானே போறன், என்ன பிழை?' எண்டு என்ரை வாயை அடைச்சுப்போடுவாள். உங்கடை சட்டத்துக்குப் பிறகு அவளிட்டைக் கதையில்லை. வாற மாதம் அவளுக்குக் கலியாணம். நீங்கள் கட்டாயம் வரவேணும்."