குறிலா, நெடிலா

அவள் சொன்னது குறிலா, நெடிலா?

மேலாளர் அறையை விட்டு அவளோடு வெளியே வந்த பிறகும், உடன் வேலை பார்க்கும் அவனுக்குப் பிடிபடவில்லை.

கேள்வி எளிதானதுதான். இயந்திரங்களைப் பொருத்தி ஓடவிடுவதற்காகச் சீனாவிலிருந்து ஒரகடத்துக்கு வந்த குழு ஊர் திரும்புகிறது. ரூயிங் மட்டும் விரும்பினால் இங்கேயே வேலையில் தொடரலாம். என்ன செய்வதாக உத்தேசம் என்று மேலாளர் சத்தியசீலன் சார் கேட்டார்.

இங்கே ‘லீவ்’ பண்ண ஆசை என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அல்லது ‘லிவ்’.

நீட்டினால் போவது. குறுக்கினால் வாழ்வது. அவள் வாயில் இரண்டுக்கும் ஒரே நீளம்.

சார் எழுந்து கை கொடுத்தார். ஆல் த பெஸ்ட் என்றார். பாழாய்ப்போன அந்த வாழ்த்து, போகிறவருக்கும் பொருந்தும், இருக்கிறவருக்கும் பொருந்தும்.

நடைவழியில் அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால்.

அந்தச் சொல்லோடு அவள் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

வந்த புதிதில் வெல்டர் மேகநாதன் லீவு என்று யாரோ சொல்ல, வேலையை விட்டே போய்விட்டான் என்று நாளெல்லாம் வருந்தினாள். மறுநாள் அவன் வந்து நின்றதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

முக்குக் கடை லீவு என்றார்கள். கடை எங்கே போனது என்று கேட்டாள்.

டீத்தூள் பாக்கெட்டில் ‘லீவ்ஸ்’ என்று படித்துவிட்டு, இலைக்கும் இதே சொல்லா என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். சாவியை மேசையில் ‘லீவ்’ பண்ணு என்றபோதுதான் அசந்து போனாள். போவதற்கும் அதே சொல், இருக்கட்டும் என்று வைப்பதற்கும் அதே சொல்.

வேறு யாராக இருந்தாலும் அந்த மொழியே வேண்டாம் என்று கும்பிடு போட்டிருப்பார்கள். இவள் ஒவ்வோர் அர்த்தத்தையும் கேன்டீனுக்குக் கொண்டுவந்து, கொடுக்காப்புளியை உரிப்பது போல உரித்துப் பார்த்தாள். அப்படி ஒரு பிடிவாதம். அவனுக்கு அந்தப் பிடிவாதத்தின் மேல் கொள்ளை ஆசை.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. அவள் மொழியில் வாங்குவதும் ‘மாய்’, விற்பதும் ‘மாய்’. குரல் தாழ்ந்து எழுந்தால் ஒன்று, சரிந்தால் மற்றொன்று. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் அவன் கடைக்காரனிடமே விற்றுக்கொண்டிருந்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

பதிலுக்கு அவன் தமிழ் சொல்லிக் கொடுத்தான். விடு, வீடு. ‘லீவ்’ என்பதற்குத் தமிழில் விடு, குறில். குடியிருக்கும் இடம் வீடு, நெடில்.

ஆங்கிலத்தில் நீட்டினால் போகிறீர்கள், தமிழில் நீட்டினால் தங்கிவிடுகிறீர்களா என்று கேட்டாள். முப்பது வருடமாகத் தமிழ் பேசுகிறவனுக்கு அது தோன்றியதே இல்லை. அன்றைக்குத்தான் அவன் விழுந்தான்.

கேன்டீன் எல்லம்மா அக்கா வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இப்போதும் வரவில்லை. போகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

வாசலில் கம்பெனி வேன் நின்றது. அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று புருவத்தாலேயே கேட்டாள்.

அவன் ஒன்றுமில்லை என்று தலையாட்டினான்.

“சரி, விடு,” என்றான்.

அவள் நின்றுவிட்டாள். உதடு மட்டும் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தது. மேலாளர் அறைக் கதவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, முகம் சிவந்தது.

“விடு இல்ல,” என்றாள். காலடித் தரையைக் காட்டினாள். “இங்க… வீடு.”

நெடிலுக்கு இரண்டு மாத்திரை போதும். அவள் அதற்கு மேலேயே இழுத்தாள்.

வேன்காரர் ஹாரன் அடித்தார்.

அவன் ஏற்கெனவே மேலாளர் அறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.