விழுந்துகொண்டே இருந்த மாங்காய்கள்

பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் முதலமடையை 'மாங்கோ சிட்டி' என்கிறார்கள். அது சிட்டி அல்ல, கிராமப் பஞ்சாயத்து என்பதை மிகுந்த வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மே மாதம் போனால் மரம் நிறைய மாங்காய் தொங்கும் என்பது அடுத்த பிழை. ஜனவரியிலேயே பறிக்கத் தொடங்கும் ஊரில், மே கடைசியில் தொங்குவது இலை.

இரண்டு பிழைகளையும் நம்பி, 'மாம்பழ நகரமும் பண்பாடும்' என்ற பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கச் சென்னையிலிருந்து வந்து இறங்கினான் சந்துரு.

"என்னங்க, ஒரு காய்கூட இல்லை?"

"அதுக்கென்னுங்க, கட்டிரலாம்" என்றார் தோப்புக் குத்தகைக்காரர் செங்கோட்டையன்.

பொள்ளாச்சியிலிருந்து நாலு கூடை மாங்காய் வந்தது. சீசன் முடிந்து சும்மா இருந்த மூக்கம்மாளும் ஐந்து பெண்களும் நூலால் கிளைகளில் கட்டினார்கள். கூலி, படக் கம்பெனியுடையது.

"ஏனுங்ணா, ஒரு நாள் வேலைதானுங்களா? திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குது. புள்ளைக்கு ஒண்ணும் வாங்கலீங்க" என்றாள் மூக்கம்மாள்.

"பேசாம கட்டு அம்மிணி."

மாங்காயைச் சந்துரு காலை வெயிலில் மட்டுமே படம் பிடிப்பான். மறுநாள் காலை, எல்லாக் காயும் தரையில்.

"காத்துங்க" என்றார் செங்கோட்டையன்.

"ஒரு இலைகூட ஆடலையே!"

"பாலக்காட்டுக் கணவாய்க் காத்துங்க. சொல்லாம வரும், சொல்லாமப் போயிரும்."

மறுபடி கட்டினார்கள். மறுபடி விழுந்தன. விழுந்து விழுந்து மாங்காய்கள் பழுக்கவே தொடங்கிவிட்டன.

சனிக்கிழமை காலை, முந்தின நாள் சூரியன் இறங்குவதைப் பிடிக்கத் தானாக ஓடவிட்டிருந்த கேமராவைச் சந்துரு போட்டுப் பார்த்தான். சூரியன் இறங்கியது. செங்கோட்டையன் ஏறினார். மரம் மரமாக முடிச்சை அவிழ்த்தார்.

"யோவ்! கூலியில உமக்கு எவ்வளவு கமிஷன்?"

"சத்தியமா எனக்கு ஒரு பைசா இல்லீங்க." அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். "நாளைக்கு வரைக்கும் வேலை இருந்தாப் போதுமுங்க. ஆறு ஊட்டுலயும் புள்ளைக இருக்குது."

சந்துரு கேமராவை அணைத்தான். பிறகு தயாரிப்பாளருக்குப் போன் போட்டான்.

"சார், ரெண்டு நாள் தள்ளிப்போகும். இங்க காத்து ரொம்ப மோசம்."

படப்பிடிப்பு திங்கட்கிழமை முடிந்தது. கடைசிக் காட்சியில் மாங்காய் கடிக்க ஒரு குழந்தை தேவைப்பட்டது. ஊரில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எல்லாம் புதுப் பையோடு பள்ளிக்கூடம் போயிருந்தன.