வெள்ளைப் பெட்டிக்கு ஈரச்சாக்கு

பன்னிரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தாலுகா ஆபீஸ் வளாகத்தில் நின்ற வெள்ளைப் பெட்டியின் தலையில் ஓர் ஈரச்சாக்கு கிடப்பதை மல்லிநாதன் பார்த்தார்.

குமாஸ்தா மல்லிநாதன் வழக்கமாக மணி அடித்த பிறகுதான் பெட்டியருகே வருவார். இன்று கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் உள்ளே உட்கார முடியவில்லை.

வெளியே வந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? இலை அசையவில்லை. கோட்டையின் மூன்று மலைகளும் செஞ்சியை நடுவில் வைத்து அவித்துக்கொண்டிருந்தன. வழிந்த வேர்வை காயாமல் மேலேயே நின்றது.

சாக்கின் மேல் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள் விருத்தாம்பாள். ஆபீசைப் பெருக்கித் தண்ணீர் கொண்டுவந்து வைப்பவள்.



பெட்டிக்குள் இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தன. ஒன்று வெறுமனே தொங்கி காற்றின் சூட்டைச் சொல்லும். இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று பார்ப்பார்கள்; வித்தியாசம் குறைந்தால் ஈரம் அதிகம்.

போன வாரம் சிங்கவரம் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற இடத்தில் ஒரு பெண் சுருண்டு விழுந்தாள். அதன்பிறகு தாசில்தார் உத்தரவு போட்டார். நண்பகலில் பெட்டியின் சூடு நூற்றைந்து டிகிரியைத் தாண்டினால் நாலு மணிவரை வேலையை நிறுத்த வேண்டும். தாண்டாவிட்டால் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து உடைக்க வேண்டியதுதான்.

நாலு நாளாகப் பெட்டி தொண்ணூற்றொன்பதைத் தாண்டவில்லை.

ஊரே வெந்துகொண்டிருக்க, அது மட்டும் பரம சாதுவாக இருந்தது. இரண்டு தெர்மாமீட்டரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டின. காற்றில் ஈரம் முட்டிக்கொண்டு நிற்கிறது, மழை கொட்டப்போகிறது என்று மல்லிநாதன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். கடைத்தெருவில் அவரிடம் குடை இரவல் கேட்டுக் கேலி செய்தார்கள்.

"இன்னா பண்ற விருத்தாம்பா?"

அவள் பதறவில்லை. நல்ல காரியம் செய்கிறவளுக்கு என்ன பதற்றம்?

"நீங்கதான நைனாரே சொன்னீங்க, ஈரத்துணி சுத்துனது சூடு கம்மியா காட்டுதுன்னு. ஒண்ணுக்குச் சுத்துனாவே அவ்ளோ எறங்குது. பொட்டி மொத்தத்துக்கும் போட்டா ஊருக்கே எறங்கும் இல்ல?" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "எம்பொண்ணு தனகோட்டி அங்க ஜல்லி ஒடைக்குது. ஏழு மாசம். தெனமும் நீங்க வர்றதுக்குள்ள சாக்க எடுத்துடுவேன்."



எத்தனை குடம் சுமந்திருப்பாள்? ஒவ்வொரு குடமும் அவள் மகளை வெயிலிலேயே பிடித்து உட்காரவைத்திருக்கிறது. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

கேட் பக்கம் சைக்கிள் மணி கேட்டது. ஜல்லி வேலையைப் பார்க்கிற ஓவர்சியர் கோதண்டராமன், தினமும் கணக்காக அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். சர்க்கார் பெட்டியில் கைவைத்தாள் என்று தெரிந்தால் விருத்தாம்பாளின் வேலை அன்றே போய்விடும்.

மல்லிநாதன் சாக்கை உருவிச் சுருட்டித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தண்ணீர் சட்டையை நனைத்து வேட்டியில் இறங்கியது.

"மணி பன்னண்டு. எவ்ளோ சார்?" என்றார் ஓவர்சியர்.

கதவைத் திறந்தார். நூறு.

பதினோரு வருஷ உத்தியோகத்தில் அவர் ஒரு பொய் எண்கூட எழுதியதில்லை. இன்றைக்குக் கூட்டி எழுதக் கை வராது. இருக்கிற எண்ணை எழுதினாலும் அது பொய்தான். கதவை மூடினார்.

"கொஞ்சம் இருங்க. பெட்டி இன்னும் சரியா நிக்கல."

"நாலு நாளா நின்னுது. இன்னிக்கு இன்னா வந்துச்சாம்?" ஓவர்சியர் முணுமுணுத்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், உங்களுக்கு இப்டி வேர்த்துக் கொட்டுது?"

மல்லிநாதன் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பெட்டியின் பலகைகளில் ஈரம் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. பாறைப் பக்கமிருந்து சுத்தியல் சத்தம் விடாமல் வந்தது. அதில் எது தனகோட்டியின் அடி என்று யோசிக்கக்கூடாது என்று நினைத்தார். அதையே யோசித்தார்.

மறுபடி கதவைத் திறந்தார். நூற்றிரண்டு.

நூற்றுநாலரையில் வந்து பாதரசம் அடம்பிடித்தது. ஓவர்சியர் சைக்கிளைத் திருப்பினார்.

"எறங்கி வந்து நீங்களே பாருங்க" என்றார் மல்லிநாதன்.

ஓவர்சியர் சலிப்போடு வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நூற்றேழு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏறியது.

மல்லிநாதன் எண்ணை எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் போனார்.

கொஞ்ச நேரத்தில் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒன்று மட்டும் இன்னும் ரெண்டு அடி அடித்துவிட்டு நின்றது.

விருத்தாம்பாளின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா நைனாரே? நாலு நாளா ஊத்துனேன், இன்னிக்குப் பலிச்சுடுச்சி."

அவர் சாக்கை அவளிடம் நீட்டினார்.

"ஆமாம்மா. இனிமே பொட்டிக்கு வேணாம். இத நல்லா நனைச்சி எடுத்துனு போயி தனகோட்டி தலையில போடு. ஒரு குடம் தண்ணியும் எடுத்துக்க."

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மல்லிநாதன் உள்ளே வந்து பதிவேட்டைத் திறந்தார். கடந்த நாலு நாள் எண்களையும் சிவப்பு மையால் அடித்தார். மேலே இருப்பவர்கள் காரணம் கேட்பார்கள். சம்பள உயர்வுகூட ஒரு வருஷம் நிற்கலாம்.

காரணம் எழுதும் இடத்தில், 'பெட்டியைக் கவனிக்காமல் மழை வரும் என்று இருந்துவிட்டது குமாஸ்தா மல்லிநாதன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு முறை படித்துப் பார்த்தார். அதில் பொய் ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.