சிவப்புப் பட்டு

சீனாவின் லோயாங் நகருக்குக் கென்யாவிலிருந்து வந்த ஆறு மாதத்தில் நெக்கெசா இப்படியொரு காலையைப் பார்த்ததில்லை. ஒரு வண்டிகூட ஹார்ன் அடிக்கவில்லை. எதிரே எழும்பும் கட்டடத்தில் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. தினமும் தெருமுனையில் பாட்டைப் போட்டு ஆடும் பெண்கள் வாய்மூடி நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் நெக்கெசா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஷூஃபென், சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தாள்.

"யாராவது பெரிய மனுஷங்க செத்துட்டாங்களாக்கா?" என்றாள் நெக்கெசா.

"உன் வாயில வசம்பைத் தேய்க்க! மெதுவா பேசு."

"கல்யாணமா அப்போ?"

"கல்யாணத்துக்கு எவ வாயை மூடிட்டு நிப்பா? பின்னாடி பள்ளிக்கூடத்துல காலேஜ்ல சேர்றதுக்கான பரீட்சை நடக்குது. பிள்ளைங்க காதுல ஈ பறக்கிற சத்தம்கூட விழக்கூடாது."

நெக்கெசா பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு பரீட்சைக்காக ஊரே மூச்சடக்குமா?

"உங்க பொண்ணு எழுதறாளாக்கா?"

"பொண்ணா? நான் கல்யாணமே கட்டலையேடி!"

"பின்னே இந்தப் பட்டு?"

"சிவப்பு ராசியான நிறம். வெளிய வர்ற பிள்ளைங்க கண்ணுல முதல்ல அது படட்டுமே. இங்க நிக்கிறதுல பாதிப் பேருக்கு உள்ள சொந்தம்னு யாருமில்ல."

நெக்கெசா குனிந்து, டக்டக்கென்று ஒலிக்கும் குதியுயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை வெறுங்காலோடு நடந்தாள்.